லினக்ஸ் கணினியோடு ஒத்துப்போகும் பாட்டு பிளேயர்: ஒரு பாட்டு ஆசிரியைக்காகத் தேடித் தேர்ந்த கதை

பின்னணி

கும்பகோணத்தில் வீட்டிலேயே வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவருக்கு 2021 தொடக்கத்தில் கையடக்கப் பிளேயர் ஒன்று தேவைப்பட்டது. ஊரடங்கில் தொடங்கிய இணைய வகுப்புகள் அவருடைய கைபேசியை முழுதாக எடுத்துக்கொண்டிருந்தன. காலையில் வெளிநாட்டுப் பிள்ளைகள், மாலையில் நேரில் வரும் பிள்ளைகள். நேரில் வருகிறவர்களுக்குப் பழைய கச்சேரிப் பதிவு ஏதாவது போட்டுக்காட்டும்போது அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். “ஆலாபனை நடுவுல மளிகைக் கடைக்காரர் கூப்பிடுறார் தம்பி, இது சரிப்படாது” என்றார்.

வீட்டுக் கணினி பழைய மேசைக் கணினி. அதில் ஓடியது டெபியன் 10, லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களில் (பதிப்புகளில்) ஒன்று. அவருடைய அக்கா மகன் கல்லூரி நாட்களிலிருந்தே லினக்ஸ் பழகியவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஆசிரியைக்கு விண்டோஸ் பழக்கமே இல்லை, தேவையும் இல்லை. கணினியில் ஏறக்குறைய 80 ஜிபி இசை இருந்தது. அப்பா காலத்து கேசட்டுகளைப் பதிவுசெய்து, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்தவை ஒரு பகுதி. சிடிகளிலிருந்து எடுத்து ஆக் வோர்பிஸ் (சுருக்கமாக ஆக்) வடிவில் வைத்தவை இன்னொரு பகுதி. மாணவர்கள் அனுப்பிய எம்பி3 மிச்சம்.

ஆக் வடிவம் அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. எம்பி3 மீது காப்புரிமை இருந்த காலத்தில் பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்கள் அதைத் தொடத் தயங்கின. சிடியைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் ஆக் கோப்பைத்தான் முதல் தேர்வாகக் கொடுத்தன. எம்பி3 உரிமம் விற்பதை நிறுத்திக்கொள்வதாக, அதை உருவாக்கியவர்களில் ஒன்றான ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017-ல் அறிவித்த பிறகுதான் அந்தச் சிக்கல் ஓய்ந்தது. அதற்கு முன்பே லினக்ஸ் பழகிய வீடுகளில் ஆக் கோப்புகள் குவிந்திருப்பது இயல்பு. பிளேயர் தேடும்போது முதல் முட்டுக்கட்டையும் அதுவே.

எங்கள் பகுதியில் லினக்ஸ் கணினிகளுக்குக் கைவைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் என்னை அழைத்தார்கள்.

ஏற்கனவே வீட்டில் இருந்தவை

மேசை இழுப்பறையில் இரண்டு கருவிகள் கிடந்தன. ஒன்று, உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தொடுதிரைக் கருவி. பார்க்க அழகு, ஒலியும் நன்று. ஆனால் தயாரித்தவர்களின் மென்பொருள் வழியாகத்தான் அதில் பாட்டு ஏற்ற முடியும். அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. கணினியில் செருகினால் புகைப்படங்கள் தெரிந்தன, பாட்டு வைக்க இடம் தெரியவில்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. பழைய ஐபாடுகளில் பாட்டுக் கோப்பை நகலெடுத்து வைத்தால் மட்டும் அது பட்டியலில் வராது. ஐட்யூன்ஸ்டிபி என்ற தரவுக் கோப்பிலும் அது பதிவாக வேண்டும். லிப்ஜிபாட் என்ற நிரல்தொகுப்பு அந்தக் கோப்பைப் படித்து எழுதக் கற்றுக்கொண்டதால் லினக்ஸிலிருந்தும் பாட்டு ஏற்ற முடிந்தது. 2007-ல் வந்த மாதிரிகளில் அந்தத் தரவுக் கோப்புக்கு ஒரு சரிபார்ப்புக் குறி சேர்த்தார்கள். அது சரியாக இல்லையென்றால் கருவி பாட்டே இல்லை என்று சொல்லிவிடும். ஆர்வலர்கள் சீக்கிரமே அதையும் அவிழ்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு புதிய மாதிரிக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும் என்ற நிலையில் ஒரு வீட்டின் அன்றாடப் பயன்பாட்டைக் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கருவியைத் தொடர்ந்து முயல வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தோம்.

இரண்டாவது கருவி ஓரளவு வேலை செய்தது. கணினியில் செருகினால் கோப்பு மேலாளரில் பெயர் வந்தது, உள்ளே இசைக் கோப்புறையும் தெரிந்தது. நான்கைந்து பாட்டு ஏறும். முழு ஆல்பத்தை இழுத்துப் போட்டால் பாதியில் நின்றுவிடும். வேறொரு நிரலில் முயன்றால் ‘கருவி வேலையாக இருக்கிறது’ என்று செய்தி வரும். இது எம்டிபி முறையில் பேசும் கருவி. மைக்ரோசாஃப்ட் உருவாக்கி, பிறகு 2008-ல் யுஎஸ்பி தர அமைப்பு பொதுத் தரமாக ஏற்ற முறை அது. எம்டிபியில் கருவியின் நினைவகம் கணினியின் கைக்கு வராது. ரேஷன் கடை ஜன்னலில் நிற்பதுபோல, வேண்டியதைக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் எடுத்துத் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். கோப்பு மேலாளர் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்ற நிரலுக்கு இடமில்லை. லினக்ஸில் லிப்எம்டிபி என்ற நிரல்தொகுப்பு இதைச் சமாளிக்கிறது. கைபேசியிலிருந்து பத்துப் படம் எடுக்கப் போதும். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒத்திசைக்க அது ஏற்றதல்ல.

தேவையைப் பிரித்துப் பார்த்தது

ஆசிரியையிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது முதலில் வந்த பதில் “பாட்டு பாடணும், அவ்வளவுதான்.” அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது. அவர் ஒரு நாளில் எதை, எப்படிக் கேட்கிறார் என்று மெல்ல விசாரித்தோம்.

பார்க்காமலே அழுத்தக்கூடிய பொத்தான்கள் வேண்டும். சுருதிப் பெட்டியை ஒரு கையால் சரிசெய்துகொண்டே மறு கையால் பாட்டை நிறுத்துகிறவர் அவர். ராகம், தானம், பல்லவி என்று தனித்தனித் தடங்களாகப் பிரிந்திருக்கும் கச்சேரி சிடிகளில் தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே விக்கல் வரக்கூடாது. கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பவற்றில், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆக், ஃபிளாக் இரண்டும் நேராக ஓட வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும்.

ஆக் கோப்புகளை எம்பி3 ஆக மாற்றிவிடலாமே என்ற யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். இரண்டும் ஒலியில் ஒரு பங்கை உதறிவிட்டுச் சுருக்கும் வடிவங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் உதறியதன் மேல் இன்னொரு உதறல். கேட்டால் பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஆனால் இந்தச் சேகரத்தில் மூல சிடி பல தொலைந்துவிட்டன. இருப்பதே மூலம் என்ற நிலை. தவிர, மாற்றிவைத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பிரதிகளைப் பராமரிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலுக்கு மேலே ஒரு நிபந்தனையை எழுதிவைத்தோம்: கருவியைச் செருகினால் அது கணினிக்கு ஒரு பென் டிரைவாகத் தெரிய வேண்டும். பெட்டியில் ‘லினக்ஸ் ஆதரவு’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று தேடுவதில் பயனில்லை. நல்ல கருவிகள் பலவற்றிலும் அது இருக்காது. பென் டிரைவாகத் தெரியும் கருவிக்கு ஆதரவு என்று தனியாக எதுவும் தேவையில்லை. தயாரித்தவர்கள் கடையை மூடினாலும், கணினியில் டெபியன் போய் வேறொன்று வந்தாலும் அது ஓடும். ஒலித் தரம், திரை, தோற்றம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஒத்திகை: பழைய கிளிப் பிளஸ்

புதிது வாங்குவதற்கு முன் அக்கா மகன் தன் பழைய சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸைக் கூரியரில் அனுப்பினார். 2009-ல் வந்த கருவி. சட்டைப்பையில் கவ்விக்கொள்ளும் அளவு, சின்னத் திரை, அழுத்தமான பொத்தான்கள், மைக்ரோ எஸ்டி கார்டுக்கு ஓர் இடம்.

அதன் அமைப்புகளில் யுஎஸ்பி முறை என்று ஒன்று உண்டு: தானியங்கி, எம்டிபி, எம்எஸ்சி. எம்எஸ்சி என்பதுதான் பென் டிரைவ் முறை. அதைத் தேர்ந்ததும் உள் நினைவகமும் கார்டும் இரண்டு தனி டிரைவ்களாகக் கணினியில் வந்து நின்றன. இழுத்துப் போட்டோம், ஏறியது. இத்தனை நாள் பட்ட பாட்டைப் பார்த்த ஆசிரியைக்கு இதுவே பெரிய ஆறுதல்.

பிறகு அதில் ராக்பாக்ஸ் ஏற்றினோம். பிளேயர்களுக்குள் இருக்கும் மென்பொருளுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. ஆர்க்கோஸ் நிறுவனத்தின் பிளேயர்களுக்காக 2001-ல் ஸ்வீடனைச் சேர்ந்த சிலர் தொடங்கியது. பிறகு பல நிறுவனங்களின் கருவிகளுக்குப் பரவியது. நிறுவும் நிரல் லினக்ஸிலேயே ஓடுகிறது. பழைய மென்பொருளும் அழிவதில்லை; இடப்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இயக்கினால் அதுவே திரும்ப வரும். அந்த உறுதி இல்லையென்றால் இன்னொருவருடைய கருவியில் நான் கைவைத்திருக்க மாட்டேன்.

ஒத்திகையின் நோக்கம் பட்டியலைச் சோதிப்பது. விக்கல் இல்லாத தொடர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எம்பி3 ஒலியை 1,152 ஒலி அளவீடுகள் கொண்ட துண்டுகளாக வெட்டிச் சுருக்குகிறது. தடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்றொலி சேர்ந்துவிடும். எவ்வளவு சேர்ந்தது என்ற குறிப்பு கோப்பில் இருந்து, பிளேயரும் அதைப் படித்து வெட்டினால்தான் இரண்டு தடங்கள் ஒட்டும். ஆக், ஃபிளாக் கோப்புகளில் சரியான நீளம் கோப்பிலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. அங்கேயும் பிளேயர் அடுத்த தடத்தை முன்கூட்டித் திறந்து வைத்திருக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இது யார் கண்ணிலும் படாது. தானம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில் அரை விநாடி மௌனம் விழுந்தால் மாணவர்களே திரும்பிப் பார்க்கிறார்கள்.

கிளிப் பிளஸே போதுமே என்று கேட்கலாம். மின்கலம் பழையது, புதிதாக இருந்தபோது சுமார் 15 மணி நேரம் ஓடியது இப்போது அதில் பாதிகூட நிற்கவில்லை. மாற்றுவதும் எளிதல்ல. திரை எழுத்து ஆசிரியையின் கண்ணுக்கு மிகச் சிறியது. புதியதைத் தேடினோம்.

கடையில் செய்த சோதனை

சென்னை ரிச்சி தெருவுக்கு மடிக்கணினியோடு போனேன். கையில் சின்ன மெமரி கார்டு ஒன்று. அதில் சோதனைக் கோப்புறை. உள்ளே பல்லவியோடு ஒட்ட வேண்டிய தானம் ஃபிளாக்கில் ஒரு ஜோடி, எம்பி3-யில் ஒரு ஜோடி. ஓர் ஆக் கோப்பு. தமிழிலேயே பெயரிட்ட ஒரு கோப்பு. முக்கால் மணி நேரம் ஓடும் கேசட் பக்கம் ஒன்று. பெயர் வரிசைக்கு மாறாக வேண்டுமென்றே தலைகீழாக எழுதிய பத்துச் சின்னக் கோப்புகள். இந்தக் கோப்புறையைத் தயாரிக்க ஆன நேரம் வீண்போகவில்லை. கடைக்காரர் சொல்வதை நம்பவும் வேண்டியதில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை.

“லினக்ஸா சார்? எல்லாத்துலயும் ஓடும் சார்” என்றார் முதல் கடைக்காரர். செருகினேன். கணினியின் டிரைவ் பட்டியலில் புதிதாக எதுவும் வரவில்லை. எம்டிபியாக மட்டும் தெரிந்தது. யுஎஸ்பி முறையை மாற்ற அமைப்புகளில் வழியும் இல்லை. வைத்துவிட்டேன். கைபேசி போன்ற ஆண்ட்ராய்டு பிளேயர்கள் இன்னும் சில இருந்தன. அவையும் பெரும்பாலும் எம்டிபிதான். விலையும் கைக்கெட்டாத தூரம்.

மூன்றாவதாகப் பார்த்த கருவி பட்டியலில் சேர்ந்தது. உலோக உடல், ஐந்து பொத்தான்கள், இரண்டு அங்குலத் திரை, கார்டு இடம். யுஎஸ்பி முறையில் சேமிப்பு, ஒலி அட்டை என்று இரண்டு தேர்வுகள். சேமிப்பு என்றால் பென் டிரைவ். ஒலி அட்டை முறையில் கணினியின் ஒலி இதன் வழியாக வரும்; யுஎஸ்பி ஒலிக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் அதற்கும் லினக்ஸில் தனி இயக்கி தேவைப்படவில்லை. ஆசிரியை கேட்காத வசதி, கிடைத்தது லாபம்.

சோதனைக் கோப்புறையில் ஆக், ஃபிளாக் இரண்டும் ஓடின. ஃபிளாக் ஜோடி ஒட்டியது, எம்பி3 ஜோடியில் மெல்லிய இடைவெளி கேட்டது. சேகரத்தில் கச்சேரிகள் எல்லாம் ஃபிளாக்கிலும் ஆக்கிலும் இருந்ததால் அதை ஏற்றுக்கொண்டோம். நெடுங்கோப்பில், அணைத்து மறுபடி இயக்கியபோது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தலைகீழாக எழுதிய பத்துக் கோப்புகளும் தலைகீழாகவே ஓடின. தமிழ்ப் பெயர் திரையில் வந்தது. ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. இந்த இரண்டு குறையும் கணினிப் பக்கத்திலேயே சரிசெய்யக்கூடியவை என்பதால் வாங்கினேன்.

கருவியின் பெயரை எழுதவில்லை. இந்த மாதிரிகள் ஓரிரு ஆண்டில் கடையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அதே பெயரில் உள்ளே வேறு சில்லு வைத்தும் வருகின்றன. இன்னொருவர் எடுத்துப்போக வேண்டியது சோதனைக் கோப்புறையை.

கார்டு விவகாரம்

சேகரம் 80 ஜிபி என்பதால் 128 ஜிபி கார்டு வாங்கினோம். வாங்கியதும் எஃப்3 என்ற நிரலால் சோதித்தேன். அது கார்டு நிரம்பும்வரை ஒரு ஜிபி அளவுக் கோப்புகளாக எழுதி, பிறகு அத்தனையையும் திரும்பப் படித்து ஒப்பிடும். போலிக் கார்டுகள் தங்களைப் பெரியதாகக் காட்டிக்கொள்ளும். உண்மையான கொள்ளளவு தீர்ந்ததும் பழைய தரவின் மேலேயே எழுதும் அல்லது எழுதுவதுபோல் நடிக்கும். முதல் நாற்பது பாட்டு நன்றாக ஓடும், பிறகு பிளேயர்மீது பழி விழும். மணிக்கணக்கில் ஆகும் சோதனை. இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிட்டால் போதும். எங்கள் கார்டு தேறியது.

அடுத்த தடை: ஆசிரியையின் கணினி கார்டைத் திறக்கவே இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டதே 2019 ஆகஸ்டில்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அதற்கான இயக்கி முதலில் 5.4 பதிப்பில் தற்காலிகமாகவும், 5.7-ல் சாம்சங் எழுதிய செம்மையான வடிவிலும் நுழைந்தது. டெபியன் 10-ன் கெர்னல் 4.19. கூடுதல் தொகுப்பு ஒன்றை நிறுவினால் திறக்கும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. கார்டை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைக்கு மாற்றினோம். விண்டோஸின் வழக்கமான வடிவமைப்புக் கருவி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தர மறுத்துவந்ததால் அது முடியாது என்று பலர் நினைத்தார்கள். லினக்ஸில் ஒரே கட்டளை. கிளிப் பிளஸும் ராக்பாக்ஸும் எதிர்பார்ப்பதும் ஃபேட்32-ஐத்தான். கோப்பு ஒன்றுக்கு 4 ஜிபி என்ற வரம்பு பாட்டுக் கோப்புக்கு ஒரு பொருட்டல்ல.

பாட்டுகளை ஏற்றியது

மூலச் சேகரத்தைத் தொடவில்லை. கணினியில் பிளேயருக்கென்று தனிக் கோப்புறை அமைத்து, அதையே கார்டோடு ஒத்திசைப்பது என்று தீர்மானித்தோம். கோப்புப் பெயர்கள் அங்கே எண்ணோடு ஆங்கில எழுத்தில். தமிழ்ப் பெயர்கள் மூலத்தில் அப்படியே. ஆசிரியைக்கு இதில் வருத்தம்தான். தோடியை டி மட்டும் போட்டு எழுதுவதா, ஹெச் சேர்த்து எழுதுவதா என்று அவருக்கும் ஒரு மாணவிக்கும் ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. எதுவானாலும் ஒன்றையே கடைப்பிடியுங்கள், இல்லையென்றால் ஒரே ராகம் பட்டியலில் இரண்டு இடத்தில் நிற்கும் என்று மட்டும் சொன்னேன். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி ஆகியவற்றை ஃபேட்32 பெயரில் ஏற்காது, அவற்றையும் நீக்கினோம்.

எம்பி3 கோப்புகளுக்குள் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் போன்றவற்றைச் சொல்லும் குறிப்புகள் (ஐடி3) சிலவற்றில் வெறும் குப்பை எழுத்துகள் தெரிந்தன. ஐடி3 குறிப்புகளின் 2.4 பதிப்பில், தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதலாம். இந்தக் கருவி 2.3-ஐ மட்டுமே ஒழுங்காகப் படித்தது. கிட்-3 நிரலில் மொத்தமாகத் தேர்ந்து 2.3-க்கு மாற்றினோம்.

நகலெடுக்க, மாறிய கோப்புகளை மட்டும் ஏற்றும் ஆர்சிங்க் என்ற நிரல். வழக்கமாகக் கொடுக்கும் ‘எல்லாவற்றையும் காப்பாற்று’ என்ற தேர்வு இங்கே பொருந்தாது. உரிமையாளர், அனுமதி போன்ற விவரங்களுக்கு ஃபேட்டில் இடமே இல்லை, பிழைச் செய்திகள் கொட்டும். இன்னொன்று நேரம். ஃபேட் முறை கோப்பின் மாற்ற நேரத்தை 2 விநாடி இடைவெளியில்தான் குறித்துவைக்கும். கணினியில் ஒற்றைப்படை விநாடியில் முடிந்த கோப்பு கார்டில் வேறு நேரம் காட்டும்; ஆர்சிங்க் அதை மாறிய கோப்பு என்று எண்ணி ஒவ்வொரு முறையும் மறுபடி ஏற்றும். ஒரு விநாடி வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் அது நின்றது. கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இது ஒரு மணி நேர வேறுபாடாகவும் வந்து படுத்தும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

வரிசை பற்றிய குறை ஃபேட்சார்ட் நிரலால் தீர்ந்தது. கோப்புறைக்குள் பதிவுகள் எழுதப்பட்ட வரிசையைப் பெயர் வரிசைக்கு மாற்றி எழுதுகிறது அது. கார்டைக் கணினியில் இணைப்பு நீக்கிய நிலையில் வைத்துத்தான் இயக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள்

வாங்கி ஒரு வாரத்தில் ஆசிரியையிடமிருந்து அழைப்பு. “அழிச்ச பாட்டு திரும்பப் பாடுது தம்பி. இடமும் குறையவே இல்ல.” கோப்பு மேலாளரில் நீக்கு என்று கொடுத்தால் லினக்ஸ் மேசைத்தளம் கோப்பை உண்மையில் அழிப்பதில்லை, அந்த டிரைவிலேயே புள்ளியில் தொடங்கும் மறைவான குப்பைக் கோப்புறை ஒன்றை உண்டாக்கி அதற்குள் நகர்த்துகிறது. கணினியில் அது கண்ணில் படாது. பிளேயருக்கு மறைவு என்ற கணக்கெல்லாம் கிடையாது. அதுவும் ஒரு கோப்புறை, உள்ளே பாட்டு இருக்கிறது, பாடுகிறது. குப்பையைக் காலிசெய்ததும் இடம் திரும்பியது. இனி கார்டில் நேராக எதையும் அழிக்க வேண்டாம், கணினியில் உள்ள பிளேயர் கோப்புறையில் நீக்கினால் போதும், ஒத்திசைவு பார்த்துக்கொள்ளும் என்று முறையை மாற்றினோம்.

அடுத்தது கொஞ்சம் கவலைக்குரியது. கார்டில் எதுவும் எழுத முடியவில்லை, ‘படிக்க மட்டும்’ என்று செய்தி. பக்கத்துக் கடையில் காட்டியபோது கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்களாம். கார்டு போகவில்லை. நகலெடுக்கும் பட்டை நிறைந்து மறைந்ததும் ஆசிரியை கேபிளை உருவியிருக்கிறார். பட்டை நிறைந்தது என்றால் தரவு கணினியின் நினைவகத்துக்குப் போய்விட்டது என்று பொருள்; கார்டுக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகலாம். பாதியில் உருவியதால் கோப்பு அட்டவணையில் முரண் விழுந்தது. அடுத்த முறை எழுதும்போது லினக்ஸ் அதைக் கண்டு, மேலும் கெடாதிருக்க எழுதுவதை நிறுத்திக்கொண்டது. ஃபேட் சரிபார்ப்பு நிரலை ஓட்டியதும் சரியாயிற்று. எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளை அது தனிக் கோப்புகளாகக் கார்டின் வாசலில் வைத்துவிடும்; அவற்றை நீக்கினோம். கெட்ட கோப்புகளை ஒத்திசைவு மறுபடி ஏற்றியது. மூலம் கணினியில் பத்திரமாக இருந்ததால் பதற்றப்பட ஒன்றும் இல்லை.

‘வெளியேற்று’ பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதை நம்பி இருக்க நான் விரும்பவில்லை. மேசைத்தளத்தில் ஒரே ஒரு சின்னம் வைத்தோம். அதைச் சொடுக்கினால் ஒத்திசைத்து, எல்லாம் கார்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, இணைப்பை நீக்கி, வரிசைப்படுத்திவிட்டு, ‘இப்போது எடுக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் காட்டும். அதற்குப் பிறகு அந்தக் கோளாறு வரவில்லை.

என்ன ஆயிற்று

வீட்டில் கேட்பதற்கும் பேருந்துப் பயணத்துக்கும் புதிய கருவி நிலைத்துவிட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கணினி டெபியன் 11-க்கு மாறியபோது பிளேயர் பக்கத்தில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

எதிர்பாராதது வகுப்பறையில் நடந்தது. ஒத்திகைக்கு வந்த கிளிப் பிளஸை ஆசிரியை திருப்பித் தரவில்லை. ராக்பாக்ஸில் ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பாடும். ஒரு சங்கதியைப் பத்து முறை கேட்கவைக்க அது போதும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதியும் உண்டு. ஒலி அமைப்புகளில் அதை ஒருமுறை இயக்கி, கருவியை அணைத்துப் போட்டால் பிறகு எப்போதும் கிடைக்கும். வேகமான பிருகாக்களை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்ட இதைத்தான் பயன்படுத்துகிறார். இன்னொரு பயனும் அவரே கண்டுபிடித்தார். பழைய கேசட்டுகளில் சில, பதிவுசெய்த டேப் ரெக்கார்டரின் வேகம் பிசகியதால் ஒரு கட்டையிலும் சேராமல் நடுவில் நின்றன. ராக்பாக்ஸின் சுருதித் திரையில் கொஞ்சம் ஏற்றி இறக்கி, தம்பூராவோடு சேர்த்துக்கொள்கிறார். எந்த அளவில் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். அதைக்கொண்டு கணினியிலேயே அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறோம்.

மறுமுறை என்றால்

பென் டிரைவ் என்ற நிபந்தனை, சோதனைக் கோப்புறை, தனிப் பிளேயர் கோப்புறை, ஒற்றைச் சின்னம் இவற்றில் மாற்றம் இல்லை. மாறுவது தேடலின் தொடக்கம். சங்கதியைத் திரும்பக் கேட்பது, மெதுவாக்குவது இரண்டும் எங்கள் முதல் பட்டியலில் இல்லை. கருவி கைக்கு வந்த பிறகே அவை தேவை என்று தெரிந்தன. இசை கற்பிக்கும் ஒருவருக்கு அடுத்தமுறை தேடினால் கடைக்குப் போவதற்கு முன் ராக்பாக்ஸ் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலைத் திறப்பேன். நிலையானவை, நிலையற்றவை என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். நிலையானவற்றில் மட்டும் தேடுவேன். ஃபியோ எம்3கே, சர்ஃபன்ஸ் எஃப்20 போன்ற கிளிப் பிளஸுக்குப் பிந்தைய கருவிகளுக்கும் அது வந்திருக்கிறது. இவற்றில் எம்3கே-யின் பொத்தான்களில் தொடு பலகையும் உண்டு. பார்க்காமல் அழுத்துகிறவருக்கு அது ஒத்துவருமா என்று கையில் எடுத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கேசட் பக்கங்களைப் பாட்டு வாரியாக முன்பே பிரித்திருக்கலாம். எம்பி3எஸ்பிஎல்டி என்ற நிரல் எம்பி3, ஆக் கோப்புகளை மறுபடி சுருக்காமலே வெட்டித் தரும். ஃபிளாக்கில் வெட்டினாலும் தரம் குறையாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருந்ததால் அந்த வேலையைத் தள்ளிப்போட்டோம். இப்போது மாணவர்கள் குறிப்பிட்ட கீர்த்தனையைக் கேட்கும்போது ஆசிரியை முன்னும் பின்னும் ஓட்டித் தேடுகிறார். வாரத்துக்கு இரண்டு கேசட் என்ற கணக்கில் ஒரு மாணவி வெட்டிக்கொண்டிருக்கிறார்.